வளைந்த மூக்குப் பறவைக்கு இரண்டு வீடு... ரயிலிலேயே போய்ப் பார்க்கலாம் டெவன் இலையுதிர் காலத்தை!

மகனோ மகளோ இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு லண்டன் பாலம், அரண்மனை, மியூசியம் எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதற்குள் அக்டோபர் வந்துவிடும். மழை தூறும், குளிர் ஏறும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிடுவார்கள். அதன்பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டு. "இனிமே வெளியே போக என்ன இருக்கு?" என்று ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம்.

ஆனால் அந்த ஊரில் ஒரு கூட்டம் இதற்காகவே காத்திருக்கும். பைனாகுலரைத் துடைத்து, ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றி, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அவர்களுக்குப் பறவை சீஸன் இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

அப்படிக் கிளம்புகிறவர்களுக்குத் தோதான இடம், இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டெவன். லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எக்ஸெட்டர். அங்கே தங்கிக்கொண்டு ஒரு நாள் கழிமுகச் சதுப்பு, ஒரு நாள் மேட்டுநிலம் என்று இரண்டு நாள் திட்டம் போட்டால் போதும். இரண்டுக்கும் எக்ஸெட்டரிலிருந்தே ரயில் உண்டு, கார் தேவையில்லை.

பறவையின் பெயரில் ஒரு ரயில்

முதல் நாள் சதுப்பு. எக்ஸெட்டரிலிருந்து எக்ஸ்மவுத் வரை போகும் சின்ன ரயில் பாதைக்கு 'அவொசெட் லைன்' என்று பெயர். அவொசெட் என்பது மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகு கொண்ட கறுப்பு வெள்ளைப் பறவை. தமிழில் கோணமூக்கு உள்ளான் என்பார்கள். பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டிலேயே கூடு கட்டுவதை நிறுத்திவிட்ட பறவை இது. இரண்டாம் உலகப்போரின்போது எதிரிப் படை இறங்கிவிடக் கூடாது என்று கிழக்குக் கடற்கரையில் சில தாழ்நிலங்களைத் தண்ணீர்விட்டு மூழ்கடித்தார்கள். போர் முடிந்து 1947-ல் பார்த்தால், சஃபோக் பக்கத்துச் சதுப்புகளில் அவொசெட் மறுபடி முட்டையிட்டுக்கொண்டிருந்தது! பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. பிறகு இந்தப் பறவையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

ரயிலில் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். டாப்ஷம் தாண்டியதும் எக்ஸ் நதி கடலோடு கலக்கும் கழிமுகம் ஜன்னலை ஒட்டியே வரும். ஆனால் பறவை பார்க்கிறவர்கள் முதலில் டாப்ஷமிலேயே இறங்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் ஹாலந்தோடு கப்பல் வியாபாரம் செய்த ஊர் என்பதால் வீடுகளின் முகப்பில் டச்சுச் சாயல் தெரியும். அதை ரசித்தபடி ஆற்றோரமாக 'கோட் வாக்' என்ற ஒடுங்கிய நடைபாதையில் நடந்தால் பௌலிங் க்ரீன் மார்ஷ் வந்துவிடும். ஆர்.எஸ்.பி.பி. பராமரிக்கும் ஈரப் புல்வெளி. அங்கே ஒரு மரக்குடில் இருக்கிறது. உள்ளே பெஞ்ச், எதிரே பலகை ஜன்னல். பறவைகளுக்கு நாம் தெரியமாட்டோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் மொத்தப் பயணமும் வீண். கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம்! வற்றிய நேரத்தில் பறவைகளெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் விரிந்த சேற்றில் சிதறி, எங்கோ புள்ளிகளாக மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏற ஏறச் சேறு மூழ்கும். நிற்க இடமில்லாமல் அவை கூட்டம் கூட்டமாகப் பறந்துவந்து இந்தப் புல்வெளியில் இறங்கும். அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஏற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும் என்பதால் பறவையும் அதிகம் வரும். நம் கடற்கரை மீனவர்களுக்கு இது சொல்லியே தரவேண்டாம். மற்றவர்கள் போனில் ஏற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

குடிலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஏதாவது வந்திருக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். எதிரே ஆயிரம் பறவைகள் நின்றுகொண்டிருக்கும்! அவர்கள் கேட்பது அரிதாக வழிதவறி வந்த விருந்தாளியைப் பற்றி. முதல்முறை போகிறவர்கள் இந்தப் பதிலை நம்பித் திரும்பிவிடக் கூடாது.

ஐஸ்லாந்திலிருந்து வந்த கருவால் மூக்கன்கள் நெருக்கியடித்து நிற்கும். பவளக்காலிகள் ஓரத்தில் தூங்கும். புல்லில் மேயும் வாத்துக்கூட்டம் விசிலடித்துக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் விஜியன் என்று அழைக்கப்படும் இந்த வாத்தின் ஆண் பறவைக்கு நெற்றியில் மஞ்சள் பட்டை. நம்மூரில் வைத்த பெயர், நாமத்தலை வாத்து! குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருகிற இனம்தான். திடீரென்று மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழும்பிச் சுழன்றால் வானத்தைப் பாருங்கள். எங்கோ ஒரு பைரி வட்டமிடும்.

பிறகு அந்தக் குரல் கேட்கும். 'கர்-லீ... கர்-லீ...' என்று கொஞ்சம் ஏக்கம் கலந்த நீண்ட அழைப்பு. கோழி அளவு உடம்பு, பழுப்புக் கோடுகள், நீண்ட கால்கள், 15 சென்டிமீட்டர் வரை நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. கர்லூ. நம் பறவை நூல்களில் கோட்டான் என்று இருக்கும். ஆந்தையை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது உள்ளான் குடும்பம். பெண்ணுக்குத்தான் மூக்கு பெரிசு. அந்த அலகைச் சேற்றுக்குள் முழுக்க விட்டு, நுனியை மட்டும் தனியாகத் திறந்து புழுவையும் நண்டையும் பிடித்துவிடும். கோடியக்கரைக்கும் இதே இனம் வருகிறது, ஆசியப் பக்கத்திலிருந்து.

ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்குள் கர்லூக்கள் பத்து, இருபது என வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மனசு நிறைந்துவிடும். 'இவ்வளவு இருக்கே, இதுக்கென்ன குறை?' என்றுதான் தோன்றும்.

பிள்ளைகளை எண்ணிச் சொல்லும் வாத்துகள்

தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மறுபடி ரயிலேறி எக்ஸ்மவுத் போய்விடலாம். இல்லாவிட்டால் எதிர்க்கரையில் இருக்கும் டாலிஷ் வாரன். கழிமுகத்தின் வாயில் கதவு மாதிரி நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. அதற்கும் தனி ரயில் நிலையம் உண்டு. அந்தப் பாதை கடலை ஒட்டியே ஓடும். 2014 பிப்ரவரி புயலில் பக்கத்து ஊர் டாலிஷில் கடல்சுவர் இடிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

இங்கே பார்க்க வேண்டியது ப்ரெண்ட் என்கிற சின்னக் கறுப்பு வாத்து. வாத்து என்று சொன்னாலும் கூஸ் வகை, அன்னத்துக்குத் தூரத்துச் சொந்தம். சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் முட்டையிட்டு, சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து, இந்தக் கழிமுகத்தில் முளைக்கும் கடற்புல்லைத் தின்ன வருகிறது. குடும்பத்தோடு வரும் என்பதுதான் விசேஷம். அந்த வருஷக் குஞ்சுகளுக்கு இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும். அதனால் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று பைனாகுலரிலேயே எண்ணிவிடலாம். சில வருஷம் ஒரு பிள்ளைகூட இருக்காது. ஆர்க்டிக்கில் லெம்மிங் என்ற எலி குறைந்துபோன வருஷமென்றால், பசித்த நரி வாத்துக் குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடும். அங்கே எலி குறைந்த கதை இங்கே டெவன் சேற்றில் தெரிந்துவிடுகிறது.

நீண்ட பயணம் வந்த உடம்புக்குத் தின்னவும் ஓய்வெடுக்கவும் இடம் வேண்டும். அதே தண்ணீரில்தான் காற்றாடி கட்டிய சர்ஃபிங், துடுப்புப் பலகை, பந்தை விரட்டும் நாய் எல்லாம் வருகின்றன. ஒரு நாய் ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். காலையிலிருந்து தின்று சேர்த்தது அந்தப் பறத்தலில் கரைந்துவிடும். அதனால் எக்ஸ்மவுத் பக்கத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரை ஒரு பகுதியை விட்டு விலகியிருக்கும்படி மஞ்சள் மிதவை போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். ஊர்க்காரர்களில் சிலருக்கு இதில் முணுமுணுப்பு உண்டு. பார்க்கப் போகிற நாமாவது கரையோடு நின்றுகொள்ளலாம்.

வாத்துக்குப் பிள்ளைக் கணக்கு தெரிகிறது. கர்லூவுக்குத் தெரிவதில்லை. கர்லூ குடும்பமாக வருவதில்லை. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததுமே தாய் முதலில் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். தகப்பன் இறக்கை முளைக்கும் வரை இருந்துவிட்டுக் கிளம்பும். குஞ்சுகள் தனியாக வந்து சேரும். கூட்டத்தில் நின்றால் இது இளசு, இது கிழடு என்று தூரத்திலிருந்து பிரிப்பது கஷ்டம். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் நாளுக்குப் போகலாம்.

மேட்டில் ஒரு மௌனம்

எக்ஸெட்டரிலிருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வருடக்கணக்கில் தினசரி சேவை இல்லாமல் கிடந்த இந்தப் பாதை 2021 நவம்பரில் மறுபடி திறக்கப்பட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே டார்ட்மூர் தொடங்கிவிடும். 'மூர்' என்றால் மரமில்லாத மேட்டுநிலம். நம்மூரில் ஒப்பிட வேண்டுமென்றால் நீலகிரியின் அவலாஞ்சிப் புல்வெளியைச் சொல்லலாம். ஆனால் இங்கே காற்று இன்னும் முரட்டுத்தனம். பாறைகள் உச்சியில் அடுக்கி வைத்த மாதிரி நிற்கும், 'டோர்' என்பார்கள். கால் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கும் கறுப்பு மண், ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிய பாசியும் புல்லும். 621 மீட்டர் உயரமான ஹை வில்ஹேஸ் இந்தப் பக்கம்தான். தென் இங்கிலாந்தில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை.

ஷெர்லக் ஹோம்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமாக இருக்கும். 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நடப்பது இங்கேதான். ராத்திரியில் கேட்கும் ஊளையை, 'அது பிட்டர்ன் என்ற நாரைப் பறவையின் சத்தமாக இருக்கலாம்' என்று ஒருவர் வாட்சனிடம் சமாளிப்பார், ஞாபகம் இருக்கிறதா? மூர் அப்படிப்பட்ட இடம். கேட்கிற சத்தத்துக்கெல்லாம் பறவையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து பழைய ரயில் பாதை மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் மெல்டன் இரும்புப் பாலம் வரை நடந்து, அங்கிருந்து அணைக்கட்டு ஓரமாக ஏறலாம். அக்டோபரில் பிராக்கன் பெரணி மொத்தமும் துரு நிறத்துக்கு மாறியிருக்கும். அதற்கு நடுவே ரோவன் மரங்கள், கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழங்களோடு. அந்த மரத்தடியில் சத்தம் போடாமல் பத்து நிமிஷம் நில்லுங்கள். மார்பில் வெள்ளைப் பிறை வைத்த கறுப்புப் பறவை வந்தால் அதிர்ஷ்டம்தான். ரிங் ஊஸல், மொராக்கோ மலைகளுக்குப் போகிற வழியில் வயிறு நிரப்ப இறங்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் பூங்குருவிக் கூட்டங்கள் தலைக்கு மேல் சளசளத்துப் போகும். இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் முள்செடி உச்சியில் ஸ்டோன்சாட் உட்கார்ந்திருக்கும். நெட்டைக்காலிகள் காலடியில் இருந்து எழும்பும். எங்கும் குட்டையான மூர் குதிரைகள், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

இரண்டு எச்சரிக்கை. இந்தப் பக்கத்து மலையில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். சிவப்புக் கொடி பறந்தால் அந்த எல்லைக்குள் போகவே கூடாது. அடுத்து, பனிமூட்டம் சொல்லாமல் வரும். பாதையைவிட்டு விலகாதீர்கள். பெரணிக்குள் நடந்தால் கால்சட்டையை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், உண்ணி உண்டு.

எல்லாம் சரி, கர்லூ எங்கே?

இந்த மூர்தான் அதன் இன்னொரு வீடு. குளிர்காலத்துக்குச் சேறு, குடும்பம் நடத்த மேட்டுநிலம். ஏப்ரலில் இங்கே வந்து, புல்லுக்குள் தரையிலேயே நான்கு முட்டையிட்டு, நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரம். ஆண் பறவை வானத்தில் ஏறி, சறுக்கிக்கொண்டே, தண்ணீர் கொதிப்பது போலக் குமிழியிட்டுப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்டால்தான் வசந்தம் வந்ததாக மேட்டுநிலத்து விவசாயிகள் நம்புவார்கள்.

அக்டோபரில் மூரில் கர்லூ இல்லாதது தவறில்லை. ஜூலையிலேயே கடற்கரைக்கு இறங்கியிருக்கும். சோகம் என்னவென்றால், ஏப்ரலில் வந்தாலும் அநேகமாக இல்லை. டார்ட்மூர் முழுக்க, 954 சதுர கிலோமீட்டரில், இன்று இயற்கையாகக் கூடு கட்டும் ஜோடிகளை எண்ண ஒரு கை விரல் போதும்.

அப்படியென்றால் நேற்று டாப்ஷமில் பார்த்த கூட்டம்? குளிர்காலத்தில் பிரிட்டன் கடற்கரைக்கு வரும் கர்லூக்களில் பின்லாந்து, ஸ்வீடன் பக்கத்துப் பறவைகள் ஏராளம். விருந்தாளிகள் வந்து வீடு நிறைந்து தெரிகிறது. வீட்டுக்காரர்கள் குறைந்துபோனது கண்ணில் படுவதில்லை.

கிழடு தட்டும் கூட்டம்

உலகத்தில் கூடு கட்டும் யூரேசியக் கர்லூக்களில் ஏறக்குறைய கால் பங்கு பிரிட்டனில் இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து பார்த்தால் அங்கே அதன் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. 2015-ல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். யாரும் சுட்டுக் கொல்வதால் அல்ல, வேட்டை 1980-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. குஞ்சு பிழைப்பதில்லை, அதுதான் விஷயம். ஈரப் புல்வெளியை வடித்து உலர்த்திவிட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்குப் புல்லை முன்னைவிடச் சீக்கிரமே, குஞ்சு ஓடப் பழகும் முன்பே, இயந்திரம் வைத்து அறுக்கிறார்கள். மிச்சத்தை நரியும் காகமும் பார்த்துக்கொள்கின்றன. இனம் நிலைக்க இரண்டு ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரு குஞ்சாவது பறந்தால் போதும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதுவே பல இடங்களில் கிடைப்பதில்லை.

இதில் ஏமாற்றுவது கர்லூவின் ஆயுசு. காலில் வளையம் போட்ட ஒரு பறவை 30 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. வருஷா வருஷம் அதே வயலுக்கு அதே ஜோடி வரும். பார்க்கிற விவசாயி, 'நம்ம கர்லூ வந்துடுச்சு' என்று நிம்மதியாக இருப்பார். பத்து வருஷமாக ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை என்பது தெரியாது. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய், வயதானவர்கள் மட்டும் இருக்கும் கிராமத்திலும் தினமும் விளக்கு எரியத்தானே செய்கிறது?

இது வீண் பயமில்லை என்பதற்கு உறவுக்காரப் பறவையே சாட்சி. மெல்லிய அலகுக் கர்லூ என்று இன்னொரு இனம் இருந்தது. மேற்கு சைபீரியாவிலிருந்து மத்திய தரைக்கடல் சதுப்புகளுக்கு வந்துபோகும். 1995 பிப்ரவரியில் மொராக்கோவின் ஒரு கடற்கரைக் காயலில் பார்த்ததுதான் உறுதியான கடைசிக் காட்சி. 'எங்காவது இருக்கும்' என்று முப்பது வருஷம் தேடினார்கள். 2025 அக்டோபரில் ஐ.யூ.சி.என். அமைப்பு அதை அழிந்துபோன இனம் என்று அறிவித்துவிட்டது.

காலைப் பாருங்கள்!

கர்லூவுக்கு அந்த நிலை வரக் கூடாது என்று ஒரு வேடிக்கையான வேலை நடக்கிறது. கிழக்கு இங்கிலாந்தின் விமானப்படைத் தளங்களில், ஓடுபாதை ஓரப் புல்லில் கர்லூக்கள் முட்டையிடும். விமானத்தில் பறவை மோதிவிடக் கூடாது என்று அந்த முட்டைகளை முன்பெல்லாம் அழித்துவிடுவார்கள். இப்போது அவற்றை எடுத்துப் போய் இன்குபேட்டரில் பொரிக்க வைத்து, நரி எட்டாத கூண்டில் வளர்த்து, பறக்கும் வயதில் விடுகிறார்கள். டார்ட்மூரிலும் அப்படி விட்டிருக்கிறார்கள். கர்லூ முட்டையிடத் தொடங்க இரண்டு, மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை அது மூருக்குத் திரும்புமா, வேறெங்கோ போய்விடுமா என்று காத்திருக்க வேண்டியதுதான். திரும்பினாலும் புல் அறுப்பும் நரியும் அங்கேயேதான் இருக்கும். முட்டையைப் பொரிக்கிற வேகத்தில் வயலைச் சரிசெய்யாவிட்டால் இது வருஷா வருஷம் குஞ்சு கொண்டுவந்து கொட்டுகிற வேலையாகிவிடும்.

அப்படி விடப்பட்ட பறவைகளின் காலில் வண்ண வளையம் உண்டு. அதனால்தான் இலையுதிர் காலத்தில் டாப்ஷம் குடிலில் சிலர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறத்தையும் எழுத்தையும் படித்து அனுப்பிவிட்டால், அந்தக் குஞ்சு உயிரோடு இருக்கிறது என்பது கணக்கில் ஏறும். பைனாகுலர் வைத்திருக்கும் யாரும் இதைச் செய்யலாம், பேரப்பிள்ளைக்குக் கண் கூர்மை என்றால் இன்னும் நல்லது.

ஒரே சிக்கல், பறவை முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும். ஒற்றைக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கும். வளையம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஏற்றம் முடிந்து தண்ணீர் இறங்கும் வரை, டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள்.

கதவு திறக்கும். புதிதாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார். "ஏதாவது வந்திருக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு கர்லூ கால் தூக்கட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கோம்."